கைரேகை இல்லாத கன்னம்

மீன் பாடும் வாவி உள்ள மட்டக்களப்புக்கு மீன்மகள்தான் அடையாளம். அவளைப் பாலிமர் களிமண்ணில் ஒரு சாண் உயரத்துக்குச் செய்பவருக்குச் செதில் சுலபம், கன்னம்தான் கஷ்டம். செதிலில் சிறு பிசகு மறைந்துவிடும். கன்னத்தில் ஒரு கைரேகைகூட மறையாது.

பாலிமர் களிமண் உண்மையில் மண்ணே அல்ல. பிவிசியும் அதை இளக்கும் திரவமும் சேர்ந்த பிசைவு. காற்றில் காயாது, ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் சூட்டில்தான் இறுகும். ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை. வெக்கையில் இளகினால் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்து எடுக்கலாம். சுடுமுன், ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட மென்தூரிகையால் மெல்லத் தடவினால் மேற்பரப்பு இலேசாகக் கரைந்து ரேகைகள் அடங்கிவிடும்.

சுட்டு ஆறியபின் சாண்ட் பேப்பர்: முதலில் 400, பிறகு 600, கடைசியில் 1000. தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். தூள் பறக்காது, தாளும் அடைபடாது. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிக்கிறது. முடிவில் ஜீன்ஸ் துணியால் தேய்க்க, மெழுகு பூசாமலே மெல்லிய மினுக்கம் எழும்.

இந்த அழகு நமக்குப் புதிதல்ல. தமிழகத்திலும் இலங்கையிலும் அகழ்ந்தெடுத்த பெருங்கற்காலக் கறுப்பு-சிவப்புக் கலங்களின் வழவழப்பும் தேய்ப்பில் பிறந்ததுதான். பாதி காய்ந்த பானையைக் கூழாங்கல்லால் அழுத்தித் தேய்த்தால் களித்துகள்கள் தட்டையாகப் படிந்து ஒளியைத் திருப்பும்.

கரடான பரப்பை வார்னிஷால் மூடிவிட நினைக்கக் கூடாது. பளபளப்பு ஏற ஏறக் கீறல்தான் முதலில் கண்ணில் படும். வழவழப்பை வார்னிஷ் தராது. பொறுமையான கைதான் தரும்.