வளைகிறது, உடையவில்லை

சில வாரங்களாக என் ஹேக்ஸா ஃபிரேமில் பைமெட்டல் பிளேடுதான் கிடக்கிறது. 12 அங்குல நீளம், அங்குலத்துக்கு 24 பல். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற அளவுதான். பேச வேண்டியது வேறு: இந்தப் பிளேடு உடைய மாட்டேன் என்கிறது.

முழுக்க ஹைஸ்பீடு ஸ்டீலில் வரும் பிளேடைப் பயன்படுத்தியவர்களுக்கு இதன் அருமை புரியும். சுவரை ஒட்டிப் போகும் ஜிஐ பைப்பை அறுக்கையில் கை கொஞ்சம் கோணினால் போதும், ‘டக்’கென்று இரண்டு துண்டு, விரல் முட்டி சுவரில் உரசித் தோல் போகும். கூர் நிற்பதற்குக் காரணமான கடினம்தான் அதை நொறுங்கவும் வைக்கிறது. பைமெட்டலில் பல் வெட்டிய விளிம்பு மட்டுமே ஹைஸ்பீடு ஸ்டீல். முதுகு வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் ஸ்டீல். இரண்டையும் எலக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கிறார்கள். வேண்டுமென்றே வில்லாக வளைத்துப் பார்த்தேன், விட்டதும் நிமிர்ந்துகொண்டது.

ஆனால் முதுகு உடையாது என்பதற்காகப் பல்லும் உதிராது என்று நினைக்க வேண்டாம். அறுக்கும் கனத்தில் எப்போதும் மூன்று பல்லாவது பதிய வேண்டும். 24 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஒரு மில்லிமீட்டர் தகரத்தை அதில் வைத்து இழுத்தால் பல் மாட்டிப் பிய்ந்துவிடும். 32 பல் பிளேடும் அங்கே தடுமாறும். தகரத்தை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே இறுக்கி, மரத்தோடு சேர்த்து அறுப்பதே வழி.

எரிச்சல் ஒன்று உண்டு. பல் எண்ணிக்கையைப் பெயின்டில் அச்சடித்துத் தருகிறார்கள். நாலு பைப் அறுப்பதற்குள் அது தேய்ந்து காணாமல் போகிறது. பிறகு 18 எது, 24 எது என்று பல்லை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இவ்வளவு நாள் உழைக்கிற எஃகில் அந்த எண்ணைப் பொறித்துத் தந்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று: பாதி அறுத்த இடத்தில் புதுப் பிளேடை நுழைக்காதீர்கள். பழைய பிளேடின் பற்கள் பக்கவாட்டில் தேய்ந்திருப்பதால் வெட்டு குறுகலாக இருக்கும்; புதியது இறுகிக்கொள்ளும். பைப்பைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

எப்போதாவது பிவிசி பைப் அறுப்பவருக்கு மலிவான கார்பன் ஸ்டீல் பிளேடே போதும். ஜிஐ பைப், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கம்பி என்று கை வைப்பவர் விலை கூடினாலும் பைமெட்டலே வாங்கலாம். 24 மட்டும்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், 18-ம் 32-ம் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.