ஔவையின் பட்டறையும் எசாயாவின் பட்டறையும்

சாத்தான்குளத்து இளையோர் கைப்பேசியில் ஆடும் வீரக்கதை விளையாட்டுகள் பலவற்றில், வாளைக் கூர்தீட்டி ஒப்பனை செய்ய ஒரு கொல்லன் பட்டறை உண்டு. காசு கரைவதும் அங்கேதான். நமக்குப் புறநானூற்றின் 95ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது.

அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய்பூசிப் பொலிவதைப் புகழ்கிறார். தம் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லனிடம் கிடக்கின்றனவாம். புகழ்ச்சி போன்ற இகழ்ச்சி! ஒப்பனை வாள் போர் காணாத வாள்.

எனினும் ஔவையோடு நாம் முழுதும் உடன்பட இயலாது. முறிந்த வேல் எவரையோ குத்தியல்லவா முறிந்தது? அக்கொல்லன் அதை அடுத்த போருக்கே செப்பனிடுகிறான். எசாயா 2:4 காட்டும் பட்டறையிலோ வாள் கலப்பைக் கொழுவாகிறது. விளையாட்டுப் பட்டறையில் இவ்வேலைக்கு வழியுண்டா என்று இளையோரைக் கேட்டோம், சிரித்தனர்.