அயலார் என்ற சொல்

மேரி ஜோ லெடி 1997இல் வெளியிட்ட நூல், ரொறன்ரோ ரொமேரோ இல்லத்தில் அகதிகளோடு கூடி வாழ்ந்த கதை. நெடுங்காலம் கன்னியாஸ்திரியாக இருந்த அவர், அகதிகளை அயலார் என்கிறார். கதவைத் திறந்தவரின் குரலே நூலில் ஓங்கி ஒலிப்பது ஒரு குறைதான். ஆயினும் வாசிக்கையில் எமக்கு வெட்கமாக இருந்தது.

1990இல் மடுமாதா கோயில் வளவு, தஞ்சம் தேடி வந்த சைவருக்கும் வேதக்காரருக்கும் ஒன்றாகவே திறந்திருந்தது. இங்கு பங்குச் சபைகளில் அமர்ந்த நாமோ, ஷெல்லடிக்குள் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு தப்பிவந்த தாயிடம், ஞானஸ்நானத்துக்குக் கலியாணப் பத்திரம் கேட்டோம். சட்டம் என்றோம். எந்தச் சட்டம்? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு குழந்தைக்குக் கேட்பது பெற்றோரில் ஒருவரின் சம்மதமும், பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கையுமே. பத்திரம் நாமாகச் சேர்த்தது; அவளுடையதோ வீட்டோடு எரிந்துவிட்டது.