அரசு யாருக்குக் கணக்குக் கொடுக்கும்?

திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-இல் வழங்கிய ‘உண்மையில் அன்பு’ சுற்றுமடல், உலகமயமாதலால் அரசு மடிந்துவிட்டதென அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது என்கிறது. நிதி நெருக்கடியைத் தீர்ப்பதில் அரசின் பங்கு வளருமென்றும் எதிர்பார்க்கிறது. பங்கு வளர்ந்தது மெய்யே, எவர் பொருட்டு?

2015 ஜூலை 5 அன்று கிரேக்க நாட்டில் வாக்களித்தோருள் 61 விழுக்காட்டினர் கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை மறுத்தனர். எட்டே நாளில் அவர்தம் அரசு அவற்றினும் கடுமையானவற்றுக்கு இசைந்தது. வரியை உயர்த்தவும் ஓய்வூதியத்தைக் குறைக்கவும் அதற்கு வலிமை இருந்தது. மக்கள் தீர்ப்பைக் காக்கத்தான் வலிமையில்லை. அரசு மடியவில்லை, அதன் எசமானர் மாறினார்.

உலகளாவிய அரசியல் அதிகாரம் ஒன்றை வேண்டும் இம்மடல், அது சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டுமென்கிறது, நன்று. ஆயினும், ஓய்வூதியம் இழந்த முதியவர் அதன் கதவைத் தட்டும் வழியைச் சொல்லவில்லை. அவ்வழி இல்லையேல், எசமானர் எண்ணிக்கையே கூடும்.