கால் நனைக்க ஓர் ஆறு

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு மழை விட்ட மறுநாள் காலையில் போக வேண்டும். காலாங் ஆறு கற்களில் மோதிச் சலசலக்கும் ஓசை அப்போதுதான் நன்றாகக் கேட்கும். முன்பு இங்கே இருந்தது 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக மாற்றிவிட்டார்கள். உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்கவில்லை. பூங்காவிலேயே சிறு குன்றாகக் குவித்திருக்கிறார்கள். குனிந்து கரையைப் பாருங்கள். மரக்கொம்புகளைக் கட்டுக் கட்டாகப் படுக்கவைத்து, மண்ணைத் துணியில் பொதிந்து அடுக்கி, கல்லிடுக்குகளில் குச்சிகளைச் செருகிய கைவேலை அது. இன்று கொம்பு எது, கரை எது என்று பிரித்தறிய முடியாது; வேர்கள்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதையெல்லாம் முதலில் ஒரு சிறு வாய்க்காலில் செய்து பார்த்துவிட்டே ஆற்றில் இறங்கினார்கள். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பெருமழை வந்தால் புல்வெளியே ஆற்றின் மடியாகிவிடும். எச்சரிக்கை ஒலி எழும். மக்கள் மேட்டுக்கு ஏறிக்கொள்வார்கள். நீர் வடிந்ததும் புல் ஒரே திசையில் சாய்ந்து, ஈர மண் வாசனையோடு கிடக்கும். பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகள் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, கல்லுக்குக் கல் தாவிக் கடப்பார்கள். ஈரப் பாதங்களின் தடம் அந்தக் கற்களில் காய்வதற்குள் அடுத்த பிள்ளை வந்து நிற்கும்.