இயங்காது இயக்கும் முதலும் ஐந்தொழில் முதல்வனும்

கிரேக்க அறிஞராகிய அரிஸ்டாட்டில் (கி. மு. 384–322) கூறிய இயங்காது இயக்கும் முதற்பொருள் நம் சித்தாந்தம் கூறும் பதியே எனச் சைவ அன்பர் சிலர் பேசவும் எழுதவும் காண்கின்றோம். பிறர் நூலிலும் நம் இறைவனைத் தேடுதல் நல்லுள்ளத்தின் செயலே. ஆயினும், இரண்டும் ஒன்றெனத் துணிதற்கு முன், அம்முதற்பொருள் அவ்வறிஞர் வகுத்த உலகமைப்பில் எற்றுக்கு வேண்டப்பட்டது என்று நோக்குதல் வேண்டும்.

அவர் கொள்கைப்படி, நிலவுலகம் அண்டத்தின் நடுவே அசையாது நிற்கும். மதிமண்டலத்தின் கீழுள்ளவை மண், நீர், காற்று, தீ என்னும் நான்கான் ஆகித் தோன்றி அழிவன. மேலுள்ள வானமோ ஈதர் என்னும் ஐந்தாம் பூதத்தான் ஆயது. தோற்றமும் கேடும் அற்றது. ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த கோளங்கள் ஞாயிறு, திங்கள் முதலியவற்றைத் தாங்கிச் சுழலும். எவுடாக்சஸ் அவற்றிற்கு 26 கோளங்கள் கொண்டார். அரிஸ்டாட்டில் 55 எனப் பெருக்கினார். கோளந்தோறும் இயக்கும் பொருள் ஒன்று வேண்டுதலின் அவையும் பலவாயின. அவற்றுள் முதலாயதொன்று உண்டென்பது மெய்யே. ஆயின், வானத்திற்குத் தோற்றமின்மையின், அம்முதல் உலகைப் படைக்க வேண்டுவதில்லை, ஒடுக்கவும் வேண்டுவதில்லை. சுழற்சிக்குக் காரணமாய் நிற்பதே அதற்குற்ற பணி.

அஃது எங்ஙனம் இயக்கும்? விரும்பப்படும் பொருள் விரும்புவாரை ஈர்க்குமாறு போல என்பர் அவர். அம்முதல் அறிவதோ தன்னையேயாம். தன்னிற் றாழ்ந்ததை அறிதல் அதற்கு இழுக்கு. தன்னை அறியவே அனைத்தும் அறியும் என்று பிற்காலத்துத் தாமஸ் அக்குவினாஸ் உரை கண்டார். அஃது உரையாளர் அன்பின் விளைவு, மூலத்தின் கூற்றன்று.

அற்றேல், நம் நூல்களும் இறைவன் விகாரமின்றிச் சந்நிதிமாத்திரையில் தொழில் நிகழ்த்துவன் என்கின்றனவே, மெய்கண்டதேவரும் சிவஞானபோதம் ஐந்தாஞ் சூத்திரத்தில் காந்தத்தின் முன் இரும்பை உவமித்தாரே எனின், இத்தடை வலிமையுடைத்து, எளிதில் தள்ளற்பாலதன்று. அச்சூத்திரத்தையே நன்கு நோக்குக. ஐம்பொறிகள் உயிரால் அறிந்தும் உயிரை அறியாதவாறு போல, உயிர்கள் அருளால் அறிந்தும் அருளை அறியா என்பதன்றோ ஆண்டுக் கூறியது? அறியாமை உயிரின் பக்கத்தது, இறைவன் பக்கத்ததன்று. அரிஸ்டாட்டில் கூற்றில் இது தலைகீழாயிற்று. வானம் முதலை விழைந்து சுழல்கின்றது. முதலோ வானத்தை அறிந்திலது. விகாரமின்மை இரண்டிடத்தும் ஒக்கும். அருள் ஓரிடத்தேதான் உண்டு.

இனி, முதற் சூத்திரம் தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தினின்று தொடங்கி, ஒடுங்கியது மீளத் தோன்றுதல் மலம் காரணமாக என்கின்றது. வானத்திற்கு அதில் விலக்கில்லை. மாறாத வானம் என்ற கொள்கையோ, 1572-இல் டைக்கோ பிராகி புதிய விண்மீன் ஒன்றை அளந்து மதிக்கு அப்பாலது எனக் காட்டியபின் ஐரோப்பாவிலேயே தளர்ந்தது.

ஒப்புமை காண விழைவார்க்கு இவர்தம் ஆசிரியராகிய பிளேட்டோவின் திமேயஸ் சற்று அணித்து. ஆங்கு உலகைச் செய்வோன் நல்லன், அழுக்காறிலன். முன்னரே உள்ளதனை ஒழுங்குபடுத்துகின்றான். குயவனையும் மண்ணையும் கூறும் நாம் அதனை மகிழ்ந்து கேட்கலாம். எனினும், அவன் தன்னைப் போலவே நல்லதாக உலகு அமைய விரும்பிச் செய்தான். நம் இறைவன் தநுகரண புவன போகங்களைத் தருவது, அநாதியே மலத்திற் கட்டுண்டு கிடக்கும் உயிரின் பொருட்டு.