முன்பாரம், பின்பாரம்: ஒரு பழைய ஹாலிவுட் படமும் எண்ணூர் சாலையும்

1954-இல் எம்.ஜி.எம். வெளியிட்ட 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். இயக்கம் வின்சென்ட் மினெல்லி. லூசில் பாலும் தேசி அர்னாஸும் புதுமணத் தம்பதி. வீடு வாங்குறதுக்குப் பதிலா 36 அடி நீளத்துக்கு ஒரு டிரெய்லர் வீடு வாங்கி, காருக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு அமெரிக்காவின் மேற்கே ஊர் ஊராகப் போகிறார்கள். போகிற வழியெல்லாம் அடி, சேதம், சண்டை. கதை அவ்வளவுதான்.

ஒரு சொல் விளக்கம் முதலில். சென்னையில் 'கேரவன்' என்றால் நடிகர்கள் மேக்கப் போடும் ஏசி பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அதுவல்ல. எஞ்சின் கிடையாது, சக்கரம் வைத்த வீடு, இன்னொரு வண்டி இழுத்தால்தான் நகரும். வட சென்னைக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. வீட்டுக்குப் பதிலா இரும்புப் பெட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். காசிமேடு ஜீரோ கேட்டில் ஆரம்பித்து எண்ணூர் விரைவுச் சாலை நெடுக வரிசை கட்டி நிற்கிற கண்டெய்னர் டிரெய்லர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தப் படத்தை வெறும் கணவன் மனைவி கலாட்டாவாகப் பார்க்க முடியவில்லை.

படத்தின் பெயர் பெற்ற காட்சி மலை ஏறுகிற காட்சி. மனைவி டேசிக்கு ஒரு பழக்கம்: போகிற ஊரில் எல்லாம் நினைவுக்காக ஒரு கல் எடுத்து வைப்பாள். கூடவே பழங்களைப் பாட்டிலில் போட்டு ஊறுகாய் மாதிரி அடுக்குகிறாள். உயரமான மலைச்சாலை வருகிறது. கணவன் நிக்கி, பாரம் அதிகம், கல்லை எல்லாம் தூக்கிப் போடு என்கிறான். அவளுக்கு மனசு வரவில்லை. போடாமல் உள்ளேயே ஒளித்து வைக்கிறாள். கார் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற, உள்ளே கல்லும் பாட்டிலும் உருள்கின்றன. கலிஃபோர்னியாவின் விட்னி மலையடிவாரச் சாலையில் எடுத்த காட்சி. இன்றைக்கும் பார்த்தால் கை வியர்க்கும்.

படத்தின் மேல் எனக்கு இருக்கும் முதல் குறை இங்கேதான். எவ்வளவு பாரம் என்பதுதான் அபாயம் என்று படம் நினைக்கிறது. எங்கே பாரம் என்று அது கேட்பதே இல்லை.

மாட்டு வண்டி பாரம் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக்குக் கழுத்துக் கயிறு இறுகும். காரவன் இழுக்கிற கணக்கும் அச்சு அசலாக இதுவே. அங்கே நுகத்தடிக்குப் பதில் காரின் பின்னால் ஒரு உருண்டைக் கொக்கி. அமெரிக்கப் பழக்கத்தில், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பார்கள். 2,000 கிலோ வண்டி என்றால் 200 முதல் 300 கிலோ. ஐரோப்பியர்கள் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள், வேகமும் குறைவாக வைத்துக்கொள்கிறார்கள்.

முன்பாரம் குறைந்தால் என்ன ஆகும்? பக்கக் காற்று, முந்திப் போகிற பஸ், சின்னப் பள்ளம், ஏதோ ஒன்று டிரெய்லரின் வாலை ஒரு பக்கம் தள்ளும். நன்றாக அடுக்கிய வண்டி இரண்டு ஆட்டத்தில் தானே அடங்கிவிடும். பின்பாரமான வண்டி அடங்காது. குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசா வரும். வால் நாயை ஆட்டுகிற கதைதான். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதனை வண்டி வைத்து அளந்தார்கள். பாரம் பரவியிருக்கிற விதம், கொக்கியின் மேல் இறங்கும் எடை, அச்சு இருக்கிற இடம், இவைதான் பெரிய வேறுபாட்டைச் செய்தன; டிரெய்லரின் மொத்த எடை தனியாகப் பெரிய வேறுபாடு செய்யவில்லை. எடையால் எஞ்சின் திணறும், பிரேக் சூடாகும், அது வேற விஷயம். ஆனால் வண்டி பாம்பு மாதிரி நெளிவதற்குக் காரணம் அதுமட்டும் இல்லை.

இப்போ டேசியின் கல்லுக்கு வாங்க. அந்தக் கல்லை எல்லாம் தரையில், அச்சுக்கு நேர் மேலே, அசையாமல் கட்டி வைத்திருந்தால் காருக்குச் சுமைதான் கூடியிருக்கும், ஆட்டம் வந்திருக்காது. அலமாரியில் உயரமாக அடுக்கிய பாட்டில்கள்தான் உண்மையில் மோசம். அதைவிட மோசம், எதுவும் கட்டப்படாமல் உருள்வது. ஏற்றத்தில் உருள்கிற கல் பின்பக்கம்தானே போகும்? மலை ஏற ஏற பின்பாரம் கூடிக்கொண்டே போகிறது. படம் தன்னை அறியாமலே சரியான அபாயத்தைக் காட்டுகிறது, சிரிப்புச் சத்தமாக!

அதே சமயம், படம் கேலி செய்கிற ஒரு வசனம் சத்தியமான உண்மை. வண்டி ஓட்டப் போகிற நிக்கிக்குச் சொல்லித் தரப்படும் பாடம்: முதல்ல டிரெய்லர் பிரேக், அப்புறம்தான் கார் பிரேக். அவன் பேயடித்த மாதிரி அதையே ஜபிக்கிறான், நாம் சிரிக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்க. காரை மட்டும் அழுத்திப் பிடித்தால் பின்னால் இருக்கிற டன் கணக்கான எடை காரை முட்டித் தள்ளும், ஆட்டம் முற்றும். டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்தால் பின்வண்டி பின்னுக்கு இழுக்கும், ரெண்டுக்கும் நடுவே நேர்கோடு திரும்ப வரும். ஆட்டம் வந்தால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதே, ஆக்சிலேட்டரை விடு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தொடு என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுபது வருஷமாகியும் இந்தப் பாடம் பழசாகவில்லை.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் இதெல்லாம் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கும் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ராத்திரி மழையில், காட்டுப் பாதையில், வண்டி சேற்றில் புதைந்து சாய்ந்து கிடக்கும். அவர்கள் கார் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற சொகுசுக் கார். அங்கே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி நிச்சயம் உதவியிருக்கும். மலைச்சாலையில்? ஏறுவதற்குக் கொஞ்சம். இறங்குவதற்கும் நிற்பதற்கும் ஒன்றும் இல்லை. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்தில்தான் பிடிக்கிறது. பெரிய ஃபோர் வீல் வண்டிகள் கேரவனுக்குப் பொருத்தமாவது அவை கனமானவை, சட்டம் உறுதியானது என்பதால்தான். இழுக்கிற வண்டி இழுபடும் வண்டியைவிட எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. ஆஸ்திரேலியாவில் இருக்கிற என் மச்சான் 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் போட்ட வண்டியை வாங்கிவிட்டுத் தெம்பாக இருந்தார். அதே விளம்பரத்தின் அடியில் காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருக்கும் மச்சான், அதைப் பாருங்க என்றேன். குடும்பம், தண்ணீர், கூரை மேல் சாமான் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

எண்ணூர் சாலைக்கு வருவோம். கண்டெய்னர் டிரெய்லர் கேரவன் மாதிரி நெளிவதில்லை. காரணம் கட்டமைப்பு. அதன் முன்பகுதி, இழுக்கிற வண்டியின் பின் அச்சுக்கு மேலேயே இருக்கும் வட்டத் தட்டில் உட்காருகிறது. முன்பாரம் முழுக்க அச்சின் மேல் இறங்குகிறது. வால் எட்டிப் போய் இழுக்க இடமில்லை. அதற்குப் பதிலாக அது கவிழும், அல்லது மடங்கும். உயரமான பெட்டி, உள்ளே மேலே வரை சரக்கு என்றால், வளைவில் ஒரு கார் தாங்குகிற பக்கவிசையில் பாதியைக்கூட அது தாங்காது.

எங்கள் தெருவில் ஒரு டிரெய்லர் டிரைவர் அண்ணன் இருக்கிறார். "உள்ள என்ன அண்ணா இருக்கு, எப்படி அடுக்கியிருக்காங்கன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "சீல் போட்ட பெட்டிடா தம்பி. முதல் வளைவுலதான் தெரியும்" என்றார்.

நான் படத்தை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். படம் டேசியைக் குற்றவாளி ஆக்குகிறது: கல் சேர்த்தாள், ஒளித்தாள், பொய் சொன்னாள். சரி. ஆனால் நிக்கிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, படம் அதைக் கவனிக்கவே இல்லை. மலை உச்சியில் அவன் கதவைத் திறக்கிறான், கல்லைப் பார்க்கிறான், ஒவ்வொன்றாக வெளியே வீசுகிறான். மணலிப் பக்கம் சரக்குப் பெட்டி நிலையத்தில் இருந்து துறைமுகத்துக்குப் போகிற டிரைவர் சீலைத் தொட்டால் அவர்மேல்தான் கேஸ். கிரானைட் கல் ஏற்றிய பெட்டியாகக்கூட இருக்கலாம், தமிழ்நாட்டுக் கல் சென்னை வழியாகத்தானே கப்பல் ஏறுகிறது. கல் நடுவில் இருக்கா, ஒரு ஓரத்தில் இருக்கா, கட்டியிருக்கா? ஒளித்தவர்கள் வேறு யாரோ, மலை ஏறுகிறவர் இவர்.

2016 ஜூலை 1 முதல், கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுத்தாக வேண்டும் என்று கடல் பாதுகாப்பு ஒப்பந்தமான சோலாஸ் விதி சொல்கிறது. நல்ல விதி, முன்பு வாய்க்கு வந்த எடையை எழுதினார்கள். ஆனால் அந்தத் தாளில் இருப்பது ஒரே ஒரு எண். நீளத்தில் ஒரு பாதிக்குள் 60 சதவீதத்துக்கு மேல் எடை குவியக்கூடாது என்று அடுக்குவதற்கான சர்வதேச வழிகாட்டு நெறி தனியாக இருக்கிறது. அது பெட்டியை அடுக்குகிறவருக்கு எழுதியது. அவர் அதைப் பின்பற்றினாரா இல்லையா என்பது சீலுக்கு உள்ளே போய்விடுகிறது. நிக்கி செய்த அதே தவறு: எவ்வளவு என்று மட்டும் கேட்பது.

படம் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். டிரெய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேசி உள்ளே சமைக்க முயல்கிற காட்சிக்காகவே பார்க்கலாம். கடைசியில் மழையில் நடக்கிற சமாதானத்தை நான் ஓட்டிவிட்டுப் போய்விடுவேன். மலைக்காட்சியை மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் பாருங்க. உருள்கிற சாமான் எந்தப் பக்கம் போகுதுன்னு கவனிங்க.